கை காட்டினால் நிற்காது

எங்கள் டிப்போ வாசலில் ஏழடி உயரத்தில் ஓர் ஆணி அடித்து அண்ணனின் படத்தை மாட்டினார்கள். ராணுவ உடையில், தொப்பியோடு, ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. அடியில் 'எங்கள் பெருமை' என்று தங்க எழுத்து. படத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு, பஸ்ஸில் தவறவிட்ட குடை, பை, சாப்பாட்டு டப்பாக்களை எழுதி வைக்கும் பதிவேட்டை மடியில் கொடுத்து, அண்ணனையும் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து ஆளைப் பார்ப்பார்கள், படத்தில் இருப்பவரே தேவலை என்பது போல மறுபடியும் நிமிர்வார்கள். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது.

நான் அந்த டிப்போவில் கண்டக்டர். அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. போருக்கு முன்னால் எட்டு வருடம் அவர் ஓட்டிய பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவன் நான், அந்த உறவுதான். ஒரே கட்டடத்தில் அவர்கள் மாடி, நான் கீழ். அண்ணி டிப்போ ஒர்க்‌ஷாப்பில் சீட் தைப்பவர். கிழிந்த ரெக்ஸினை உரித்து, பஞ்சை மாற்றி, விரல் தடிமன் ஊசியால் ஓரம் கட்டி, ஒரு நாளைக்கு ஆறு சீட் முடிப்பார். வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். அவர்களுக்கு ஒரே பெண், பத்து வயது.

போர் வந்ததும் கனரக வண்டி லைசென்ஸ் உள்ளவர்களைப் பட்டியல் போட்டுக் கூப்பிட்டார்கள். எங்கள் டிப்போவிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். எட்டுப் பேர் ஆறு மாதத்துக்குள் எதையாவது காட்டித் திரும்பிவிட்டார்கள். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கண், இன்னொருவருக்கு மாமனார். காட்ட ஒன்றும் கிடைக்காத அண்ணன் மட்டும் மூன்று வருடம் முழுசாக இருந்துவிட்டு வந்தார். தண்ணீர் லாரி, பிறகு வெங்காயமும் மாவும் ஏற்றிய லாரி. கை கால் எல்லாம் போனபடியே திரும்பி வந்தன. இதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பார்க்க வந்தவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே அடிபட்டது என்று கேட்டார்கள். எங்கேயும் படவில்லை என்றால், சொல்லக் கூடாதா என்று கண் சிமிட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில் மகளுக்கு 'என் அப்பா ஒரு வீரர்' என்று கட்டுரை கொடுத்தார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று அவள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டாள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனேன் என்று எழுது, அழுகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்றும் சேர்த்து எழுது என்றார் அண்ணன். பிள்ளை அப்படியே எழுதியது. வகுப்பில் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'தாய்நாட்டைக் காத்தார்' என்று மேலே எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு கீழ் வீட்டில் எனக்குக் கேட்கிற மாதிரி கதவை அடித்துச் சாத்தினார்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை கிடைத்திருந்தது. ரெஸ்ட். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, ரெஸ்ட் எடுங்க என்பார். கடையில் வரிசையில் நின்றால் முன்னால் தள்ளி, ரெஸ்ட் எடுங்க. மேனேஜர் தினமும் காலையில் தோளில் தட்டி, நாட்டுக்காக எவ்வளவோ செய்துவிட்டீர்கள், இனி ரெஸ்ட். ஸ்டீயரிங் எப்போது சார் என்று அண்ணன் கேட்டால், அதற்கென்ன அவசரம் என்பார். நாற்பத்திரண்டு வயது ஆளைக் கட்டையில் போகும்வரை உட்காரச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அண்ணன் தவறவிட்ட குடைகளை நிறவாரியாக அடுக்கினார். பிறகு நீளவாரியாக அடுக்கினார்.

கடைசியில் அண்ணிதான் போனார். வேலை நேரத்தில், ஏப்ரனைக் கூடக் கழற்றாமல், ரெக்ஸின் வெட்டும் கத்தரிக்கோல் கையில் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். பஸ் வசூல் கொடுக்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"சார், அவருக்கு வண்டி குடுங்க. இல்லன்னா வாசல்ல இருக்கற படத்த எறக்குங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க."

மேனேஜர் கத்தரிக்கோலைப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர் மேல் எங்களுக்கு இல்லாத மரியாதையா என்று ஆரம்பித்தார்.

"மரியாதை வேணாம் சார். பன்னெண்டாம் நம்பர் குடுங்க."

பன்னிரண்டாம் நம்பர் என்பது யாரும் விரும்பாத ரூட். இருபத்தொரு நிறுத்தம், தபாலாபீஸ், சந்தை, ஆஸ்பத்திரி, நூலகம் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றும். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, பேனாவைத் திறந்து மூடி, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஆனால் பயணிகள் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. போர்முனைக்குப் போய் வந்தவர், மனசு எப்படி இருக்குமோ. அந்த ஒரு மாதத்தில் புகார்ப் புத்தகத்தில் மூன்று புகார் ஏறினால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் கேட்கவே கூடாது. எங்களில் எந்த டிரைவருக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்ததில்லை. போரிலிருந்து பாதியிலேயே மாமனாரைக் காட்டித் திரும்பியவர் போன வருடம் ஒரு பெட்டிக்கடையையே இடித்துத் தள்ளினார், அவருக்குக்கூட இல்லை.

முதல் நாள் காலையில் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து டயர்களை ஸ்பானரால் தட்டிப் பார்த்தார். ஆயில் பார்த்தார். கண்ணாடியைத் தன் சட்டையிலேயே துடைத்துத் திருப்பி வைத்தார். ஏறி உட்கார்ந்து கியரைத் தொட்டதும் அந்த முகம் பழைய முகமாகிவிட்டது.  நான் டிக்கெட் கட்டை இரண்டு தரம் எண்ணினேன்.

எங்கள் ஊரில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பத்தில் 'கை காட்டினால் நிற்கும்' என்று தகரத்தில் எழுதியிருக்கும். இறங்க ஆள் இருந்தால் நான் கயிற்றை இழுத்து மணி அடிப்பேன், ஏற ஆள் இருந்தால் அவர்கள் கை காட்டுவார்கள், எதுவும் இல்லையென்றால் வண்டி நிற்காமல் போகும். தாத்தா காலத்துப் பழக்கம்.

தபாலாபீஸ் நிறுத்தத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் குடை டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் நடக்கிற, நிற்கிற எல்லோரையும் மாணவராகவே பார்க்கிறவர். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டமாட்டார், குடையை நீட்டுவார். அன்றைக்கு எல்லோரும் கை காட்டினார்கள், டீச்சர் குடையை நீட்டினார். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. தூசிக்குள் டீச்சரின் குடை ஆடிக்கொண்டே இருந்தது.

நான் மணி அடித்தேன். அடுத்த நிமிடமே நிறுத்தினார், ஓரமாக, அழகாக, ஒரு குலுக்கல் இல்லாமல். என்னண்ணே என்றேன். ஒன்றுமில்லை, கவனிக்கவில்லை என்றார். சந்தையிலும் அதேதான். கை எழுந்தால் வண்டி பறக்கிறது. கடைவாசலில் நின்று, போர் வீரர் போகிறார் என்று பிரியமாகக் கை ஆட்டியவர்களைக் கண்டும் பறந்தது. மணி அடித்தால் மட்டும் நின்றது. கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஈரமான உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

"அங்க எங்களுக்கு உத்தரவு அதான் தம்பி. ரோட்டுல எவன் கை காட்டுனாலும் நிக்கக் கூடாது. மொத மாசம் எனக்கு முன்னாடி போன லாரி நின்னுச்சு. ஒரு பெரியவர் கை காட்டுனார்னு நிறுத்துனான். அவனையும் காணோம், லாரியையும் காணோம். அதுக்கப்புறம் நாங்க யாரும் நிக்கல."

"சரிண்ணே. இங்க அதெல்லாம் இல்லல்ல? ரெண்டு நாள்ல பழகிடும்."

"பழகிடும்." கியர்க் குமிழைத் தடவினார். "மூணு வருஷத்துல எத்தனை கை பாத்திருப்பேன்னு நெனைக்கிற? அத்தனை பேருமா பொய்யாக் கை காட்டுனாங்க? ஒருத்தி குழந்தையத் தூக்கித் தூக்கிக் காட்டுனா. எம் பின்னாடி பத்து பீப்பா தண்ணி இருந்துச்சு. நான் மிதிச்சேன்."

 டீ வாங்கி வந்தேன். இரண்டு பேரும் வண்டி நிழலில் நின்று குடித்தோம்.

அன்று சாயந்தரமே டீச்சர் புகார் எழுதிவிட்டார். முத்து முத்தான எழுத்து, ஒன்றரைப் பக்கம், கடைசியில் ஒரு பழமொழி வேறு. ஊருக்குள்ளும் பேச்சு கிளம்பிவிட்டது. தலைக்கனம் என்றது ஒரு கட்சி. படம் மாட்டினால் இப்படித்தான், சாதாரண ஜனங்களுக்கு நிற்கமாட்டான். இன்னொரு கட்சி நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டி, பாவம் என்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு கட்சியும் மறுநாள் அண்ணனைக் கண்டால் பிரியமாகக் கை ஆட்டியது.

மாடியில் அண்ணி, அண்ணன், நான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்றேன். சொன்னால் என்ன நடக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். என்ன நடக்கும்? கை காட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஆளுக்கு எந்த மேனேஜர் பஸ் கொடுப்பான்? சொன்னால் அந்த நிமிடமே நாற்காலி. சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு புகாரில் நாற்காலி. அண்ணன் அந்தக் குடைகளுக்கு நடுவில் மறுபடி உட்காரமாட்டேன் என்று மட்டும் ஒரு தரம் சொன்னார்.

மணிக்கு நிற்கிறார் இல்லையா, அதனால் எல்லா நிறுத்தத்துக்கும் முன்னாலேயே மணி அடித்துவிடு என்றார் அண்ணி. இறங்க ஆள் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அடி. நான் அடித்தேன். அது பாதி வேலைதான். மணியைக் கேட்டு நிறுத்த வருகிறவரின் முகத்துக்கு நேரே பத்துக் கை ஆடும்போது அவர் கழுத்தில் வியர்வை ஓடையாக இறங்கியது. 

மீதிப் பாதியை அண்ணி எடுத்துக்கொண்டார். ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சிய கறுப்பு ரெக்ஸின் துண்டுகளைச் சேர்த்து, மஞ்சள் நூலால் எழுத்துத் தைத்தார். 'பன்னிரண்டாம் நம்பர் தானே நிற்கும். கை காட்ட வேண்டாம்.' இருபத்தொரு துண்டு. சீட் தைக்கிற ஊசியில் எழுத்துத் தைப்பது கடப்பாரையால் கோலம் போடுகிற மாதிரி, 'ற்' தைக்கும்போது இரண்டு ஊசி உடைந்ததாம். வார விடுமுறையில் ஏணியை வாடகைக்கு எடுத்து, அவரும் மகளுமாக நிறுத்தம் நிறுத்தமாக நடந்து, தகரப் பலகை மேலேயே கட்டினார்கள். யாராவது கேட்டால், புது ரூல் என்றார். யார் போட்ட ரூல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் மனுஷனை நம்பமாட்டார்கள், பலகையை நம்புவார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்து நாள் அந்த ரூட் சொர்க்கமாக இருந்தது. நிறுத்தங்களில் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி தானே வந்து அவர்கள் காலடியில் நின்றது. மழையில் மூட்டையும் முடிச்சுமாக நிற்பவர்களுக்குக் கை காட்டுகிற வேலை மிச்சம். மற்ற ரூட்காரர்கள் எங்களுக்கு ஏன் இந்த வசதி இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். அண்ணன் விசில் அடித்தார். நூலகத்து வளைவில் வண்டியைத் திருப்பும்போது, பழைய நாளில் செய்வது போல, ஸ்டீயரிங்கை ஒரே உள்ளங்கையால் சுழற்றி விட்டுப் பிடித்தார்.

இரண்டாவது புகார் என்னால் வந்தது. சந்தை நிறுத்தத்துக்கு முன்னால் ஒருவர் பெரிய நோட்டை நீட்டிச் சில்லறைக்குச் சண்டை போட்டார், நான் மணியை மறந்தேன். அன்று பார்த்து ஒரு வெளியூர்க்காரர், பலகையைப் படிக்காமல், இரண்டு கையையும் வீசினார். வண்டி பறந்தது. தவறு என்னுடையது என்று நானே புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். கண்டக்டர் தன் மேலேயே புகார் எழுத விதியில் இடமில்லை என்று மேனேஜர் அதை அடித்தார். வெளியூர்க்காரர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டார்.

அதோடு பலகை விஷயமும் அவர் காதுக்குப் போயிற்று. யாரைக் கேட்டு மாட்டினீர்கள் என்று அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டார். காரணம் சொல்ல முடியாது, சொன்னால் வண்டி போகும். அவருக்குக் கொஞ்சம் கண் கூச்சம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தார் அண்ணி. மேனேஜர் சிரித்தார். எனக்கு எல்லாம் தெரியும் அம்மா, ஊரில் அவரைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசுகிறார்கள், அதனால் ஜனங்களைப் பார்க்கவே அவருக்குக் கூச்சம், அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன் என்றார்.

அந்த வழியை என்னவென்று சொல்வது? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு 'வீரருக்கு ஊர் காட்டும் கை' என்று ஒரு நிகழ்ச்சி. பன்னிரண்டாம் நம்பர் போகிற வழியெல்லாம், இருபத்தொரு நிறுத்தத்திலும், பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் நின்று கை ஆட்ட வேண்டும். தலைமையகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். ரெக்ஸின் துண்டுகளை ஒரே நாளில் அறுத்து மூலையில் போட்டார்கள். அண்ணி மறுபடியும் மேனேஜர் அறைக்குப் போய், வேண்டாம் சார், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது என்று கெஞ்சினார். அண்ணி கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். ஜனங்களுடைய அன்பை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மேனேஜர் கேட்டாராம்.

உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். படுத்தால் அதுதான் சாக்கு, ரெஸ்ட் என்பார்கள், ஓட்டுகிறேன், நீ மணியை மட்டும் மறக்காதே என்றார்.

மறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கயிற்றை விட்டு என் கை கீழே இறங்கவே இல்லை. தபாலாபீஸ் நிறுத்தத்தில் குடை டீச்சர் ஏறி, முன்சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பழசை மன்னித்துவிட்டதாக என்னிடம் சத்தமாகச் சொன்னார். வெளியே நூறு கை, இருநூறு கை. பிள்ளைகள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். நான் அடித்தேன், அண்ணன் நின்றார். அடித்தேன், நின்றார். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வாய் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். "மணி, மணி, மணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபது நிறுத்தம் அப்படியே கடந்தோம். நூலகத்து வளைவைத் திரும்பியதும் மேனேஜர் சாலை நடுவில் நின்றார். பக்கத்தில் படம் எடுப்பவர். மேனேஜர் ஒரு கையில் பூங்கொத்து, மறு கை வெறும் கை, இரண்டையும் விரித்து ஆட்டிக்கொண்டு வண்டிக்கு நேரே வந்தார். அங்கே நிறுத்தமே கிடையாது. நான் மணி அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவு கிட்டத்தில் இருந்தார்.

அண்ணனின் வலது கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. நான் பார்த்தேன். அந்தக் கால் ஒரு துள்ளு துள்ளியது. இன்ஜின் உறுமியது. அவர் இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் நகர்த்தி, பிரேக் மேல் போட்டார். தன் காலை மூட்டை மாதிரி தூக்கிப் போட்ட டிரைவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வண்டி கிறீச்சிட்டு நின்றது. நான் கம்பியில் மோதினேன். டீச்சர் முன்னால் விழுந்து அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. மேனேஜரின் தொந்திக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

மேனேஜர் முகம் வெளுத்தது. ஆனால் படம் எடுப்பவர் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சமாளித்துச் சிரித்துவிட்டு, ஜன்னல் வழியே பூங்கொத்தை நீட்டினார். அண்ணன் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்திருந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனோடு அண்ணியும் நானும் போனோம். மேஜை மேல் மூன்றாவது புகார் இருந்தது. அதே முத்து முத்தான எழுத்து. முதலில் கை காட்டியபோது நிற்கவில்லை, இப்போது நிற்க வேண்டாத இடத்தில் நின்று என் கண்ணாடியை உடைத்துவிட்டார். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். இங்கே நின்றால் குற்றம், நிற்காவிட்டால் குற்றம். நாளையிலிருந்து பன்னிரண்டாம் நம்பருக்கு வேறு டிரைவர் போட்டாகிவிட்டது என்றார் மேனேஜர். கையெழுத்துப் போடக் காகிதத்தை நகர்த்தினார்.

"நான் நின்னேன் சார்" என்றார் அண்ணன்.

"நின்னதுதான்பா பிரச்சினை. அந்தம்மாவுக்குக் கண்ணாடி போச்சு."

"நிக்கலன்னா?"

மேனேஜர் சிரித்தார். "எப்படி நிக்காமப் போவ? நான்ல நடுவுல நின்னுட்டிருந்தேன்."

அண்ணன் மறுபடியும், நின்னேன் சார், என்றார்.  அண்ணி அதுவரை சுவரோரம் நின்றிருந்தவர், மேஜைக்கு வந்தார். இனி மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது?

"மூணு வருஷம் சார். ரோட்டுல கை காட்டுற எவனுக்கும் நிக்காதன்னு சொல்லி இவர ஓட்ட வச்சிருக்காங்க. நின்னவன்லாம் செத்தான். அந்தக் காலு அப்படிப் பழகிப்போச்சு. அதத் திருப்பிப் பழக்கத்தான் நான் ஊரெல்லாம் பலகை தச்சுக் கட்டுனேன். பத்து நாள் பழகவும் செஞ்சுது. நீங்க அறுத்துப் போட்டுட்டு, ஊரையே கூட்டிக் கை ஆட்டச் சொல்லிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு வண்டி முன்னாடி வந்து நின்னீங்க. அப்பவும் இந்த மனுஷன் நின்னாரு. கால கையால தூக்கிப் போட்டு நின்னாரு. நீங்க உசுரோட ஒக்காந்து அதுக்குப் புகார் வாசிக்கிறீங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். முகம் நிஜமாகவே இளகியது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ஐயோ. இத மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா" என்றார். "சொல்லிருந்தா நான் வண்டியே குடுத்திருக்க மாட்டேனே."

எழுந்து வந்து அண்ணன் தோளைத் தொட்டு, நல்லா ரெஸ்ட் எடுங்க, நாற்காலி எங்கேயும் போகாது என்றார். அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டாலும் ஒன்றும் மாறப் போவதில்லை என்று மேனேஜர் அன்பாகவே சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

டிப்போவுக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம். வெயில் இறங்கவில்லை. கம்பத்தில் அண்ணியின் பலகையைக் கட்டிய கயிறு மட்டும் அறுபட்டுத் தொங்கியது. ஐந்தாம் நம்பர் வந்தது. ஓட்டி வந்தவர் மாமனாரைக் காட்டித் திரும்பியவர். அண்ணனைப் பார்த்ததும் ஹாரன் அடித்தார், முகமெல்லாம் சிரிப்பு, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார், அப்படியே போய்விட்டார்.

"நின்னுட்டுப் போனா என்ன கேடு?" என்றார் அண்ணி.

"நாம யாரும் கை காட்டலயே" என்றார் அண்ணன்.

உண்மைதான். நான் காட்டியிருக்கலாம். மூன்று வாரத்தில் எனக்கும் அவர் முன்னால் கை எழாமல் போயிருந்தது. அடுத்த வண்டி வளைவில் தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். கை இடுப்பு வரை வந்து நின்றுவிட்டது. நடந்தே போய்விடலாங்க என்றார்.

"எதுக்கு நடக்கணும்? காட்டு" என்றார் அண்ணன். "நான் திரும்பிக்கிறேன்."

டிப்போச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அண்ணி கை காட்டினார். வண்டி நின்றது. நின்றுவிட்டது என்று அண்ணி அவர் முழங்கையைத் தொட்டுச் சொல்லும்வரை அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.